பழைய கார் கண்காட்சி: தனியாகவா, குடும்பத்தோடா?

மார்ச் 2, இரவு 9.10 (கேள்வி)

அடுத்த மாதம் ஒரு பழைய கார் கண்காட்சி. தனியாகப் போவதாக இருந்தேன். வீட்டில் விஷயம் தெரிந்ததும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இரண்டு நண்பர்களும் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார்கள். இப்போதைக்குப் பதினோரு பேர். அதில் கார்ப் பைத்தியம் நான் ஒருவன்தான். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாமா, இல்லை ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு நழுவிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 9.32

நழுவிவிடுங்கள்.

மார்ச் 2, இரவு 10.45

ஒற்றைச் சொல்லில் பதில் போட்டதற்கு மூன்று பேர் திட்டிவிட்டார்கள். சரி, விளக்கமாகவே சொல்கிறேன்.

போன வருடம் நாங்கள் ஒன்பது பேர் போனோம். நான், மனைவி, எட்டு வயது மகள், பதினாலு வயது மகன், எண்பதை நெருங்கும் அப்பா, மனைவியின் தம்பி, என் பள்ளிக்கூட நண்பன், அவன் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. வண்டி இரண்டு. காலை ஐந்தரைக்குப் புறப்படுவதாகத் திட்டம். புறப்பட்டது ஏழேகாலுக்கு. ஏன் தாமதம் என்று கேட்டால் இன்றைக்கும் ஒவ்வொருவரும் அடுத்தவரைத்தான் கைகாட்டுகிறார்கள். சரியான நேரத்துக்குத் தயாராக இருந்தது கைக்குழந்தை மட்டும்தான்.

போய்ச் சேரும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. எல்லாக் கார்களும் வரிசையில் நின்று, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, துடைத்து முடித்தாகிவிட்டது. பழைய கார் கண்காட்சியில் பாதிச் சுகம் விடியற்காலையில்தான் இருக்கிறது. குளிர்ந்த இன்ஜின் சோக்கில் இருமிக்கொண்டே உள்ளே வரும். ஒன்றிரண்டு வாசலிலேயே படுத்துவிடும், நாலு பேர் தள்ளுவார்கள். ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு குரல். நிற்கிற காரைப் படத்திலும் பார்த்துக்கொள்ளலாம். அது ஓடுவதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போவது?

அதோடு போயிற்றா? ஒரு காரின் முன் இரண்டு நிமிடம் நின்றால் பின்னாலிருந்து "பார்த்தாச்சா, போகலாமா" என்று குரல் வரும். ஒருவருக்கு நிழல் வேண்டும், ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குக் கழிப்பறை. மூன்றும் மூன்று திசையில். அன்று நான் ஒழுங்காகப் பார்த்த கார்களை எண்ணினால் கைவிரல்கள் மிச்சமாகும்.

அதனால்தான் சொன்னேன், நழுவிவிடுங்கள்.

மார்ச் 3, காலை 7.05

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். கூட்டிக்கொண்டு போவதென்றே முடிவு செய்துவிட்டால், சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் காராக இருக்கக் கூடாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "யாராவது பிரிந்துபோனால் இந்தச் சிவப்பு எம்.ஜி. பக்கத்தில் வந்து நில்லுங்கள்" என்றேன். இரண்டு பேர் உட்காரும் அழகான சின்ன வண்டி, தூரத்திலிருந்தே தெரியும். மதியம் இரண்டு மணிக்கு எம்.ஜி. வீட்டுக்குப் போய்விட்டது. மச்சான் எங்களைத் தேடிக்கொண்டு வந்து, அடுத்த வரிசையில் இருந்த வேறொரு சிவப்புக் கார் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறான். வெயிலில். அந்தக் காரின் சொந்தக்காரர் அவனை வாங்க வந்த ஆள் என்று நினைத்து, அடிச்சட்டம் வரை விளக்கியிருக்கிறார்.

மார்ச் 3, மதியம் 1.20

போன் இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். இருந்தது. மச்சானுடைய போன் என் மனைவியின் கைப்பையில் இருந்தது.

மார்ச் 3, இரவு 9.50

"காரும் குடும்பமும் ஒத்துப்போகாது என்கிறீர்கள். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமே குடும்பப் பயணம்தானே?" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். மடக்கிவிட்டார். உண்மைதான்.

1888 ஆகஸ்டில் நடந்தது அது. கார்ல் பென்ஸ் தன்னுடைய மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். ஆனால் அதை வெளியே எடுத்து நெடுந்தூரம் ஓட்டிக் காட்ட அவருக்குத் தயக்கம். அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் விடியற்காலையில் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல். போன இடம் அம்மா வீடு. வழியில் எரிபொருள் தீர்ந்துபோய் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றியிருக்கிறார். பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

போன வருடக் கண்காட்சியில் அந்த வண்டியின் நகல் ஒன்று இருந்தது. மகளுக்கு இந்தக் கதையை அங்கே நின்றுதான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அவங்களும் நழுவிட்டாங்க" என்றாள்.

அதுவும் சரிதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நழுவுகிற வழியும் ஒன்று இருக்கிறது போல. ஆனாலும் என் பதிலை இப்போதைக்கு மாற்றவில்லை.

மார்ச் 5, இரவு 8.15

மகள் பேச்சு வந்ததால் ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஒரு ஃபோர்டு மாடல் டி நின்றது. பச்சை நிறம். நான் மகளிடம் குனிந்து, பெரிய ஆள் மாதிரி, "இது பெயின்டை மாத்திட்டாங்கம்மா. மாடல் டி கறுப்புல மட்டும்தான் வந்துச்சு" என்றேன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் தினசரியிலிருந்து தலையைத் தூக்காமலே "எந்த வருஷத்துல?" என்று கேட்டார்.

மாட்டிக்கொண்டேன். மாடல் டி 1908-இல் வந்தது. ஆரம்ப வருடங்களில் பச்சை, சிவப்பு, நீலம், சாம்பல் எல்லாம் இருந்தன. கறுப்பு மட்டும் என்று ஆனது 1914-இலிருந்து 1925 வரைதான். மலிவு, உறுதி, ஒரே நிறம் என்றால் தொழிற்சாலையில் வேலையும் எளிது. 1926-இல் மறுபடி நிறங்கள் வந்தன. 1927-இல் நிறுத்தும்வரை மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டிகள். அவருடையது 1910. பச்சைதான் அதன் நிறம்.

மகள் அன்று சாயங்காலம்வரை எந்தக் காரைக் காட்டி நான் எதைச் சொன்னாலும் "எந்த வருஷத்துல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இன்னும் நிறுத்தவில்லை. நேற்று "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ கணக்குல முதல் மார்க்" என்றேன். அதே கேள்வி.

மார்ச் 5, இரவு 8.40

அதே மாடல் டி-யில் மச்சானுக்கு நடந்ததையும் சொன்னால்தான் நியாயம். மச்சான் எந்த வண்டியையும் ஓட்டுவான், லாரி உட்பட. அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே "ஏறி உட்காருங்க, எது என்னன்னு சொல்லுங்க" என்றார். கீழே மூன்று பெடல். மச்சான் தயங்காமல் "கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர்" என்றான்.

மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. இடது பெடல் கியருக்கு: முழுக்க அழுத்தினால் மெதுவான கியர், காலை எடுத்துவிட்டால் வேகமான கியர், நடுவில் நிறுத்தினால் நியூட்ரல். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல்தான் பிரேக். ஆக்சிலேட்டர் காலில் கிடையாது, ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் ஒரு சின்னக் கைப்பிடி. இடப்பக்கம் அதே மாதிரி இன்னொன்று, அது தீப்பொறி முன்னே பின்னே விழும் நேரத்தை மாற்ற. பழக்கதோஷத்தில் இன்றைய ஆள் ஒருவர் அவசரமாக நடுப் பெடலை மிதித்தால் வண்டி பின்னால் போகப் பார்க்கும்.

அந்த ரிவர்ஸுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில். பம்ப் கிடையாது, தானாக வழிந்து கார்புரேட்டருக்கு வர வேண்டும். செங்குத்தான மேட்டில் தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் வராது. அதனால் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக மேடு ஏற்றுவார்கள். இதைக் கேட்டதிலிருந்து மச்சான் குறுகலான சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் "மாடல் டி முறை" என்கிறான்.

மார்ச் 6, காலை 6.50

"வின்டேஜ் கார் என்று சொல்லாமல் ஏன் பழைய கார் என்கிறீர்கள்?" என்று கேட்டவருக்கு: சண்டை வரும் என்பதால்தான். பிரிட்டிஷ் பழக்கத்தில் வின்டேஜ் என்றால் 1919 முதல் 1930 வரை வந்தவை. வெட்டரன் என்பது அதற்கும் முந்தியது. லண்டனிலிருந்து பிரைட்டன் ஊர் வரை பழைய கார்கள் போகும் லண்டன் பிரைட்டன் ஓட்டத்தில் 1905-க்கு முன் செய்த வண்டிகளைத்தான் சேர்ப்பார்கள். அமெரிக்காவின் பழம்பெரும் கார்ச் சங்கம் ஒன்று, 1935-இல் தொடங்கியது, இருபத்தைந்து வயதானாலே பழம்பொருள் என்று ஏற்றுக்கொள்கிறது. உலகக் கூட்டமைப்பு முப்பது வயது கேட்கிறது.

இருபத்தைந்து என்றதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கல்லூரி முடித்து முதன்முதலில் வாங்கிய கார் இப்போது பழம்பொருள். அதை ஓட்டியவன்? அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

லண்டன் பிரைட்டன் பற்றி ஒரு வார்த்தை. 1896 நவம்பர் 14-இல் முதல் ஓட்டம். அதுவரை அந்த நாட்டுச் சாலையில் மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும் என்று சட்டம். அந்த விதி நீங்கி, மணிக்கு 14 மைல் வரை போகலாம் என்று வந்ததைக் கொண்டாடத்தான் அந்த ஓட்டம். இதைச் சொன்னபோது, காலையிலிருந்து வாய் திறக்காத என் மகன், "அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டா?" என்றான். பதினாலு வயதுக்காரனிடமிருந்து வந்த அன்றைய முதல் கேள்வி.

மார்ச் 8, இரவு 11.05

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அப்பா அதிகம் பேச மாட்டார். அன்று காலையிலிருந்தே ஒவ்வொரு நிழலாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார். அவரைக் கூட்டிவந்ததே தப்பு, பாவம் முடியவில்லை என்று எனக்குள் ஒரு உறுத்தல். மதியம், அந்த மாடல் டி பெரியவர் வண்டியைக் கிளப்பிக் காட்டப் போகிறேன் என்றார். முப்பது பேர் சுற்றி நின்றார்கள். அப்பா எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "நான் ஹேண்டில் அடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அந்தக் காலத்து வண்டியில் ஹேண்டில் அடிப்பது, அதாவது முன்னால் இருக்கும் கம்பியைக் கையால் சுற்றி இன்ஜினைக் கிளப்புவது, விளையாட்டு இல்லை. தீப்பொறி முந்திவிட்டால் இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும், கம்பி கையைத் திருப்பி அடிக்கும். 1912 காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் வந்த பிறகுதான் இந்த ஆபத்து மெல்ல மெல்ல ஒழிந்தது. மாடல் டி-க்கு அது 1919-இல்தான் வந்தது. எண்பது வயதுக்காரர் இதைப் போய்க் கேட்கிறாரே என்று நான் குறுக்கே போவதற்குள், பெரியவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்.

அப்பா இடது கையால் ஹேண்டிலைப் பிடித்திருந்தார். கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்கவில்லை. மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்திருந்தார். கீழிருந்து மேலாக இழுக்கத் தோதாக நின்றார். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து தீப்பொறிக் கைப்பிடியை மேலே தள்ளி வைத்துவிட்டு, "சரி, இழுங்க" என்றார்.

இரண்டாவது இழுப்பில் எடுத்துக்கொண்டது. வண்டி முழுக்க நடுங்கியது. அப்பா ஓரமாக வந்து நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். "நாலுல ஒண்ணு சரியா அடிக்கல" என்றார். பெரியவர் சிரித்து, "மூணாவது. பிளக் மாத்தணும்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். என்னோடு ஒரு வருடத்தில் பேசுகிற அளவு.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன், விரலை ஏன் அப்படி வைத்துக்கொண்டீர்கள் என்று. அப்பாவின் வலது மணிக்கட்டு லேசாகக் கோணி இருக்கும். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம். அப்பா அந்தக் கையைத் திருப்பிக் காட்டி, "அன்னிக்கு விரலை மடக்கி வச்சிருந்தேன்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 9, காலை 8.30

நேற்று எழுதியதற்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. எலும்பு மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமாக உடையும் ஒரு வகை முறிவுக்கு, மருத்துவப் புத்தகத்தில் இன்றைக்கும் கார் ஓட்டுநர் முறிவு என்றுதான் பேராம். ஹேண்டில் திருப்பி அடித்து அத்தனை ஓட்டுநர்களுக்கு உடைந்திருக்கிறது. ஹேண்டில் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது.

அப்பா எந்தக் காரில் வாங்கிய அடி என்று பலரும் கேட்கிறீர்கள். கேட்டுச் சொல்கிறேன். ஏதாவது ஒரு ஆஸ்டினோ மாரிஸோ என்று நினைக்கிறேன்.

மார்ச் 10, இரவு 9.15

கேட்டேன். காரே இல்லையாம். தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினாம். கிளம்பிய பிறகு ஹேண்டில் கழன்று வராமல் சேர்ந்தே சுற்றி வந்து அடித்துவிட்டதாம்.

"கார்னு நான் எப்பச் சொன்னேன்?" என்கிறார். உண்மைதான், சொல்லவில்லை. இரண்டு நாளாக அந்தக் கோணல் கையைப் பார்த்து நானாக ஒரு ஆஸ்டினை ஓட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் மன்னிக்கவும்.

மார்ச் 12, மாலை 6.40

மனைவி இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டாள். "நிழல், தண்ணீர்னு நான்தான் சொன்னேனா? நான் என்ன பார்த்தேன்னு கேட்டியா நீ?" என்றாள். கேட்கவில்லைதான். இப்போது கேட்டேன்.

நான் இன்ஜின்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கடைசி வரிசையில் கண்ணாடி அறை மாதிரி உயரமான ஒரு கறுப்பு வண்டியின் முன் அவள் நின்றிருக்கிறாள். ரேடியேட்டர் இல்லை. ஸ்டியரிங் சக்கரமும் இல்லை, படகுக்கு இருப்பது மாதிரி ஒரு கோல். உள்ளே சோபா மாதிரி இருக்கை. டெட்ராய்ட் எலக்ட்ரிக், பேட்டரியில் ஓடும் கார். 1907-இலிருந்து 1939 வரை அந்தப் பேரில் விற்றிருக்கிறார்கள். ஹேண்டில் அடிக்க வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை என்பதால் அந்தக் காலத்தில் பெண்கள் விரும்பி வாங்கியது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914 மாடல் ஒன்றை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் மாடல் டி விற்றவர் வீட்டில் பேட்டரி கார்.

அந்த வரிசைப் பக்கமே நான் போகவில்லை. "பார்த்தாச்சா, போகலாமா" என்று என்னைக் கூப்பிட்ட குரல் அதைக் காட்டத்தானாம்.

மார்ச் 12, இரவு 10.00

சரி, மனசாட்சி உறுத்துகிறது. மகனையும் கேட்டேன். அவன் ஒரு மாரிஸ் மைனரின் பானெட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறான். நடுவில் நீளமாக ஒரு தட்டையான பட்டை ஓடும். நான் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். 1948-இல் கார் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால், அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்கு வண்டி ஒடுங்கித் தெரிந்திருக்கிறது. மாதிரி வண்டியை நெடுக்கில் இரண்டாக வெட்டி, விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலம் அகலப்படுத்திவிட்டார். அந்த நாலு அங்குலம்தான் பட்டை. பம்பர்கள் ஏற்கெனவே பழைய அளவில் செய்தாகிவிட்டதால், அவற்றையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்து ஒட்டினார்கள். மகன் பம்பரையும் படம் எடுத்திருக்கிறான். வாய் திறக்காமல் நடந்தவன் இதையெல்லாம் எப்போது பார்த்தான் என்று தெரியவில்லை. அதே வண்டியின் கதவுத் தூணிலிருந்து கை மாதிரி வெளியே நீளும் திரும்பு விளக்கை மகள் பதினைந்து முறை போடச் சொன்னது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. பாவம் அந்தச் சொந்தக்காரர்.

மார்ச் 13, காலை 7.20

கேள்வி கேட்டவர் தனிச் செய்தியில் "கடைசியாக என்னதான் சொல்கிறீர்கள்?" என்கிறார். முடிவு சொல்லும் நிலையில் நான் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை இரண்டாகப் பிரியுங்கள். விடியற்காலை வண்டி ஒன்று, அதில் யார் எழுந்து தயாராக இருக்கிறார்களோ அவர்கள். மற்றவர்கள் நிதானமாகப் பத்து மணிக்கு வரட்டும். ஒரே வண்டியில் எல்லோரும் என்றால் எல்லோரும் மெதுவான ஆளுடைய நேரத்துக்குத்தான் போய்ச் சேர்வார்கள்.

காரைத் தொடாதே என்று பிள்ளைகளிடம் சொல்வதைவிட உங்கள் பெல்ட் பக்கிளைக் கவனியுங்கள். பழைய பெயின்டில் கோடு விழுவது பிள்ளைகளின் விரலால் அல்ல, எட்டிப் பார்க்கச் சாயும் பெரியவர்களின் பக்கிளாலும் தோள்பையின் கொக்கியாலும்தான். உள்ளே உட்காரலாமா என்று கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். கேட்காமல் கதவைத் திறந்தால் யாருமே சொல்ல மாட்டார்கள்.

விலை என்ன என்று கேட்காதீர்கள். இது எங்கே, எந்த நிலையில் கிடைத்தது என்று கேளுங்கள். விலை கேட்டால் ஒரு எண் கிடைக்கும், அதுவும் பொய்யாக இருக்கும். மற்றதைக் கேட்டால் நாற்காலி கிடைக்கும்.

மார்ச் 13, மதியம் 2.10

கைக்குழந்தையோடு போகலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. எங்கள் கூட்டத்தில் அன்று ஒரு காருக்கு உண்மையில் உதவி செய்தது அந்தக் குழந்தைதான்.

மாலை எல்லோரும் கிளம்பும் நேரம். ஐம்பதுகளில் வந்த பெரிய செடான் ஒன்று வெயிலில் நின்று நின்று சூடாகி, வரிசையில் ஊர்ந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, எடுக்கவில்லை. அப்பாதான் சொன்னார், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கும், பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது, ஈரத்துணி போட்டுக் குளிர வையுங்கள் என்று. துணிக்கு எங்கே போவது? குழந்தையின் துண்டை நனைத்து பம்ப்பில் சுற்றினோம். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டது.

துண்டு மூன்று முறை துவைத்தும் பெட்ரோல் வாடை போகவில்லையாம். நண்பனின் மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஏப்ரல் 14, இரவு 9.30

கேள்வி கேட்டவர் போய் வந்து எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பதினோரு பேரும் போயிருக்கிறார்கள். இரண்டு வண்டி யோசனையைப் பின்பற்றி, விடியற்காலை வண்டியில் அவரும் அவருடைய மாமியாரும் மட்டும். மாமியார்தான் எழுந்து தயாராக இருந்தாராம். மதியம் வரை சேர்ந்து சுற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லையாம். என்ன பேசினார்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

சந்திக்கும் இடம் கொடிக்கம்பமாம். நல்லது.

மே 4, காலை 4.35

இன்று எங்கள் முறை. போன வருடக் கண்காட்சிதான், இந்த முறை இரண்டு வண்டியும் தனித்தனி நேரத்தில். ஐந்து மணிக்கு முதல் வண்டி என்று சொல்லியிருந்தேன். நான் பல் துலக்கிவிட்டு வெளியே வந்தால் அப்பா ஏற்கெனவே முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். சாவி என் கையில் இருக்கிறது, கதவை எப்படித் திறந்தார் என்று தெரியவில்லை. மகன் வரவில்லை, பத்து மணி வண்டிதான் என்கிறான். மனைவி கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாள்.

மகள் வருகிறாள். பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. தலையில் தொப்பி, தொப்பியில் நீளமாக ஒரு ஊசி குத்தியிருக்கிறாள். இது எதற்கு என்று கேட்டேன்.

"பெட்ரோல் குழாய் அடைச்சுக்கிட்டா?" என்கிறாள்.